ஊரின் அணி, அணியின் ஊர்
ரொறன்ரோ ராப்டர்ஸ் கடந்து வந்த பாதை

விழா மலர்களில் ஆலயங்கள், பாடசாலைகள், சங்கங்கள் ஆகியவற்றின் வரலாறு எழுதப்படுவது எமது வழக்கம். எமது பிள்ளைகளின் இளமையோடு இரண்டறக் கலந்துவிட்ட இன்னொரு நிறுவனத்தின் கதையும் இம்மலரில் பதிவாக வேண்டும் என்ற விருப்பத்தில் இதை எழுதுகிறேன். அந்த நிறுவனம் எமது நகரின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணியான ரொறன்ரோ ராப்டர்ஸ்.

இலங்கையின் 1983 இனக்கலவரத்தின் பின்னரே ஈழத் தமிழரான எம்மவர் பெருமளவில் கனடா வரத் தொடங்கினர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அப்பகுதி மீனவர்கள் கரைசேர்த்தனர். அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, எம் குடும்பங்கள் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் இருந்துகொண்டு தொழிற்சாலை இரவு வேலையாலும் உணவகக் குசினி வேலையாலும் காலூன்றிக்கொண்டிருந்த நேரத்தில், இந்த அணியும் களத்தில் இறங்கியது. உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் வலைப்பந்தாட்டமும் பார்த்து வளர்ந்த பெற்றோர், இந்த ஆட்டத்தின் விதிகளைத் தம் பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொண்டார்கள். ஹொக்கி ஆடச் சறுக்குக் காலணி, கவசம், பனித்தளக் கட்டணம் என்று பெருஞ்செலவாகும். கூடைப்பந்துக்கு ஒரு பந்தும், பாடசாலை முற்றத்தில் ஒரு வளையமும் போதும். புதிதாய் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்டதற்கு அதுவே முதற் காரணம்.

ஒரு பருவத்தோடு முடிந்த முதல் முயற்சி

கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியவர் ஒரு கனடியர். ஒன்ராறியோவின் அல்மொன்ட் அருகே 1861இல் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகர வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆட ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. 1891 டிசம்பரில் அவர் 13 விதிகளை எழுதி, இரண்டு பீச் பழக் கூடைகளை உயரே மாட்டி, இந்த ஆட்டத்தைத் தொடக்கிவைத்தார்.

வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்.பி.ஏ. தனது முதல் ஆட்டமாகக் கணக்கில் கொள்ளும் ஆட்டமும் ரொறன்ரோவில்தான் நடந்தது. 1946 நவம்பர் 1ஆம் திகதி மேபிள் லீவ் கார்டன்ஸ் அரங்கில் ரொறன்ரோ ஹஸ்கிஸ் அணியும் நியூயோர்க் நிக்கர்பொக்கர்ஸ் அணியும் மோதின. அணியின் உயரமான வீரர் ஜோர்ஜ் நோஸ்ட்ராண்டைவிட உயரமானவர்களுக்கு அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். 7,090 பேர் வந்தனர். நியூயோர்க் 68-66 என்று வென்றது. ஹஸ்கிஸ் அந்த ஒரு பருவத்தோடு கலைந்தது. ஹொக்கியில் ஊறிய நகரில் கூடைப்பந்தைத் தாங்கிக்கொள்ளும் ரசிகர் கூட்டம் அன்று உருவாகவில்லை. அடுத்த தொழில்முறை என்.பி.ஏ. அணிக்காக ரொறன்ரோ ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொடக்கத்திலேயே எழுதப்பட்ட கடமை

1993 செப்டெம்பர் 30ஆம் திகதி, தொழிலதிபர் ஜோன் பிற்றோவ் தலைமையிலான குழுவுக்கு என்.பி.ஏ. புதிய அணி ஒன்றை வழங்கியது. அதற்கான கட்டணம் 125 மில்லியன் அமெரிக்க டொலர். 1994 இறுதிக்குள் 12,500 பருவகால நுழைவுச்சீட்டுகளை விற்றுக் காட்ட வேண்டும் என்பதும் நிபந்தனை. ஷொப்பர்ஸ் டிரக் மார்ட் மருந்தக நிறுவனம் கைகொடுத்ததால் அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. ஒன்ராறியோ அரசின் புரோ-லைன் பந்தயத் திட்டத்தில் என்.பி.ஏ. ஆட்டங்களும் இருந்தன. அவற்றை நீக்காவிட்டால் அணி கிடைக்காது என்று என்.பி.ஏ. உறுதியாக நின்றது. மாகாணத்துக்கோ அது வருமான இழப்பு. இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, முதல் மூன்று ஆண்டுகளில் 5 மில்லியன் டொலரும் அதன்பின் ஆண்டுதோறும் ஒரு மில்லியன் டொலரும் தன் அறக்கட்டளை மூலம் வழங்க அணி ஒப்புக்கொண்டது. ஒரு பந்தைக்கூட ஆடும் முன்னரே ஊருக்குச் செய்ய வேண்டிய பணி அணியின் தலையில் ஏற்றப்பட்டது. ராப்டர்ஸின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடும் இந்த உடன்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஸ்கைடோமிலிருந்து சொந்த அரங்குக்கு

1995 நவம்பர் 3ஆம் திகதி ஸ்கைடோமில் நடந்த முதல் ஆட்டத்தில் ராப்டர்ஸ் நியூஜேர்சி நெட்ஸை 94-79 என்று வென்றது. ஆயினும் அப்பருவத்தின் 82 ஆட்டங்களில் வெற்றி 21 மட்டுமே. அந்த 21இல் ஒன்றை ஊர் இன்றும் மறக்கவில்லை. 72 வெற்றிகளோடு அப்பருவத்தை முடித்த மைக்கல் ஜோர்டனின் சிக்காகோ புல்ஸை, 1996 மார்ச் 24இல் 109-108 என்ற கணக்கில் எம் அணி வீழ்த்தியது. அணியின் இளம் வீரர் டேமன் ஸ்ரவுடமயர் அவ்வாண்டின் சிறந்த புதுமுகமாகத் தெரிவானார்.

அணி கைமாறிய 1998இல் மேபிள் லீவ்ஸ் ஹொக்கி அணியின் உரிமையாளர்களே இதையும் வாங்கினர். 1999 பெப்ரவரியில் திறக்கப்பட்ட எயார் கனடா சென்டர் இரு அணிகளுக்கும் வீடானது. இன்று ஸ்கொஷியாபேங்க் அரீனா என்ற பெயரில் யூனியன் ரயில் நிலையத்தின் அருகே நிற்பது அந்த அரங்குதான்.

அதே ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர் வின்ஸ் கார்ட்டர். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஓக்லண்டில் நடந்த, தாவிப் பந்தை வளையத்துள் இறக்கும் டங்க் போட்டியில் அவர் செய்து காட்டிய தாவல்கள், ஹொக்கி நாட்டின் சிறுவர்களைக் கூடைப்பந்து வளையத்தை நோக்கித் திருப்பின. அன்றைய சிறுவர்களிலிருந்துதான் கனடாவுக்கு என்.பி.ஏ. வீரர்களின் ஒரு தலைமுறையே கிடைத்தது. பிரம்ரனில் வளர்ந்த அந்தோனி பெனற் 2013இலும், வோனைச் சேர்ந்த அன்ட்ரூ விகின்ஸ் 2014இலும் வீரர் தெரிவில் முதலிடம் பெற்றனர்.

கார்ட்டரின் பிரிவு கசப்பானது. 2004 டிசம்பரில் வேறு அணிக்கு மாற்றப்பட்ட பின், அவர் இங்கு ஆட வந்த போதெல்லாம் பல ஆண்டுகளாக ஏச்சே வரவேற்பானது. 2014 நவம்பரில் அணியின் 20ஆம் பருவத்தையொட்டி அவருக்கு மரியாதை செய்யப்பட்டபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 2024 நவம்பர் 2இல் அவரது 15ஆம் இலக்கச் சட்டை அரங்கின் உச்சியில் ஏற்றப்பட்டது. அணியின் வரலாற்றில் அந்தப் பெருமை பெற்ற முதல் வீரர் அவரே. அவரது அறக்கட்டளை 2003இல் டிக்சன் பூங்காவில் அமைத்துக் கொடுத்த ஆடுகளமும் அதே காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. கசப்பு நீடித்த ஆண்டுகளிலும் அந்த ஆடுகளம் பிள்ளைகளுக்காக அங்கே இருந்தது.

ராப்டர்ஸோடு சேர்ந்து 1995இல் தொடங்கிய வன்கூவர் கிறிஸ்லீஸ் அணி 2001இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. நாட்டில் எஞ்சிய ஒரே என்.பி.ஏ. அணியாக ராப்டர்ஸ் நின்றது. ஓர் ஊரின் ஆதரவு தளர்ந்தால் அணி எவ்வளவு விரைவாகக் கைநழுவிப் போகும் என்பதற்கு ஹஸ்கிஸும் கிறிஸ்லீஸும் சாட்சிகள்.

முன்வரிசையில் ஒரு தலைப்பாகை

இந்த அணியின் வரலாற்றில் வீரர்களுக்கு நிகராக வைத்துப் பேச வேண்டிய ரசிகர் ஒருவர் இருக்கிறார். நவ் பாட்டியா என்ற சீக்கியர் 1984இல் இந்தியாவிலிருந்து கனடா வந்தவர். பொறியியல் படித்திருந்தும் அத்துறையில் வேலை கிடைக்கவில்லை. கார் விற்பனையாளராகச் சேர்ந்து, சக ஊழியரின் ஏளனத்தைத் தாங்கி, 90 நாட்களில் 127 கார்களை விற்றார். பின்னர் விற்பனை நிலையங்களுக்கே உரிமையாளரானார். 1995 முதல் உள்ளூர் ஆட்டங்களில் அவர் இருக்கை வெறுமையாக இருந்ததில்லை. பல ஆண்டுகள் நீண்ட அந்த வருகை, 2021இல் பெருந்தொற்றுக் காலத் தனிமைப்படுத்தலால்தான் முதன்முதலில் தடைப்பட்டது.

அவரை நான் போற்றுவது அந்த வருகைப் பதிவுக்காக மட்டுமன்று. சீக்கியரின் வைசாகி விழாக் காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நுழைவுச்சீட்டுகளைத் தன் செலவில் வாங்கி, பல இன, பல மதப் பிள்ளைகளை ஒன்றாக ஓர் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்கிறார். தலைப்பாகை கட்டியவரைக் கண்டு விலகிப் போகிறவர்கள், ஒரே அணிக்காகக் கைதட்டும்போது பக்கத்து இருக்கைக்காரரோடு பேசத் தொடங்குவார்கள் என்பது அவர் நம்பிக்கை. 2019இல் அணி என்.பி.ஏ. கிண்ணத்தை வென்ற பின் வீரர்களுக்குரிய மோதிரம் அவருக்கும் அணிவிக்கப்பட்டது. நெய்ஸ்மித் பெயரிலான கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபமும் அவரைக் கௌரவித்தது. ஒரு குடிபெயர்ந்தவர் விளையாட்டின் வழியாக ஊருக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2019 ஜூன் 13

2013இல் நைஜீரியாவில் வளர்ந்த மசாய் உஜிரி நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு, தாங்கள் வடக்கத்தியர் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் ‘வீ த நோர்த்’ முழக்கம் பிறந்தது. அரங்குக்கு வெளியே உள்ள சதுக்கத்தில் பெரிய திரையின் முன் சீட்டு வாங்க வசதியற்றவர்களும் கூடி நின்று பார்த்தார்கள். ‘ஜுராசிக் பார்க்’ என்று பெயர்பெற்ற அச்சதுக்கம் இலவச அரங்காகவே மாறியது.

2018 ஜூலையில் ஊரின் அன்புக்குரிய டெமார் டிரோசனை விட்டுக்கொடுத்து கவாய் லெனார்ட்டை வாங்கியபோது பலர் மனம் நொந்தனர். 2019 மே 12இல் பிலடெல்பியாவுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் லெனார்ட் எறிந்த பந்து, வளையத்தில் நான்கு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. முடிவு 92-90. அடுத்து மில்வோக்கியிடம் முதல் இரு ஆட்டங்களைத் தோற்றும், தொடர்ந்து நான்கை வென்று இறுதிச் சுற்றுக்குள் அணி நுழைந்தது. ஜூன் 13ஆம் திகதி ஓக்லண்டில் கோல்டன் ஸ்ரேற் அணியை 114-110 என்று வென்று, கனடாவுக்கு முதல் என்.பி.ஏ. கிண்ணத்தைக் கொண்டுவந்தது.

அந்த அணியில் கமரூனின் பஸ்கல் சியாக்கம், கொங்கோவின் சேர்ஜ் இபாக்கா, ஸ்பெயினின் மார்க் கசோல், இலண்டனில் பிறந்த ஓ.ஜி. அனுனொபி ஆகியோர் இருந்தார்கள். ஸ்காபரோவின் ஒரு வகுப்பறையைப் போலவே இருந்தது அந்த அணி. அதனால்தான் எமது பிள்ளைகள் அதில் தம்மைக் கண்டார்கள். நான்கு நாட்களின் பின் நடந்த வெற்றி ஊர்வலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருக்களில் திரண்டனர்.

அதே இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணியின் கெவின் டுரான்ட் காயமுற்று விழுந்தபோது ரசிகர் சிலர் ஆரவாரித்ததையும் சொல்ல வேண்டும். கைல் லோரி முதலான எம் வீரர்களே கைகாட்டி அவர்களை அடக்கினர். டுரான்ட் களத்தை விட்டு நடந்தபோது அரங்கம் கைதட்டி வழியனுப்பியது. எதிரியின் வலியில் மகிழக்கூடாது என்பதை எமது பிள்ளைகள் அன்று நேரில் கற்றார்கள்.

அரங்கம் சமையலறையான நாட்கள்

ஊரும் அணியும் ஒன்று என்பது கிண்ணத்தைவிடத் துலக்கமாகத் தெரிந்த காலம் பெருந்தொற்றுக் காலம். எல்லை மூடப்பட்டதால் 2020-21 பருவத்தின் உள்ளூர் ஆட்டங்களை அணி புளோரிடாவின் தம்பாவில் ஆட நேர்ந்தது. ஆனால் ரொறன்ரோ அரங்கம் சும்மா இருக்கவில்லை. 2020 ஏப்ரலில் அங்கே அடுப்புகள் எரிந்தன. மருத்துவப் பணியாளர்களுக்கும் வசதியற்ற குடும்பங்களுக்கும் நாளொன்றுக்கு 10,000 உணவுப் பொதிகள் தயாராகும் அளவுக்கு வேலை நடந்தது. 2021 ஜூன் 27இல் அதே அரங்கம் தடுப்பூசி முகாமானது. அந்த ஒரே நாளில் 26,771 பேருக்கு ஊசி போடப்பட்டது.

அறப்பணி இன்றும் தொடர்கிறது. 2017இல் மொஸ் பார்க் பகுதியில் திறக்கப்பட்ட, அணியின் உரிமையாளரான எம்.எல்.எஸ்.ஈ. நிறுவனத்தின் பெயர் தாங்கிய லோஞ்ச்பேட் மையத்தில் 6 முதல் 29 வயது வரையானோர் கட்டணமின்றி விளையாட்டும் தொழிற்பயிற்சியும் பெறுகிறார்கள். 2015இல் மிசிசாகாவில் தொடங்கிய துணை அணியான ராப்டர்ஸ் 905, 2017இல் தன் மட்டத்தின் கிண்ணத்தை வென்றது. அதில் ஆடிய சியாக்கமும் பிரெட் வான்வ்லீற்றும் இரண்டே ஆண்டுகளில் பெரிய கிண்ணத்தையும் ஏந்தினார்கள்.

எமது பங்கு

பெரிய அரங்கின் சீட்டு விலை இன்று பல குடும்பங்களுக்கு எட்டாதது. அதற்காக அணியை ஆதரிக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. மிசிசாகாவில் 905இன் ஆட்டத்துக்கு அதைவிடக் குறைந்த செலவில் குடும்பத்தோடு போகலாம். எமது சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் ஆண்டுக்கொரு முறை மொத்தமாகச் சீட்டுகள் வாங்கி, புதிதாக வந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளை, அவர்கள் எந்த நாட்டவராயினும், அழைத்துச் செல்லலாம். சமூக நிலையங்களில் மாலை நேரப் பயிற்சிக்குத் தொண்டர்கள் என்றும் தேவை. ஆடத் தெரிந்த எம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலையை அங்கே கொடுக்க வேண்டும். பெண்கள் தொழில்முறை அணியான ரொறன்ரோ டெம்போவுக்கு 2024இல் உரிமம் கிடைத்து, அது 2026 பருவத்தில் களமிறங்குகிறது. வலைப்பந்தாட்டத்தில் பெயர்பெற்ற பெண்களைத் தந்த எம் சமூகம் அந்த அணியைத் தொடக்கத்திலிருந்தே தாங்க வேண்டும். எம் மகள்மாரையும் அதன் ஆட்டங்களுக்குக் கூட்டிச் செல்வோம்.

ஊர் கைவிட்ட ஹஸ்கிஸ் ஒரு பருவத்தில் மறைந்தது. ஊர் தாங்கிய ராப்டர்ஸ் முப்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. இனிவரும் ஆண்டுகளிலும் அதைத் தாங்கும் கைகளில் எமது கைகளும் இருக்கட்டும்.