காவல் நிலையத்தில் காதில் விழும் சொற்கள்

பிள்ளையைப் போலீஸ் அழைத்துப்போனதாக நள்ளிரவில் போன் வரும்போது, வீட்டார் பதறுவது பாதி அச்சத்தால், பாதி அங்கே பேசப்படும் சொற்கள் புரியாததால். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புழங்கும் சில சொற்களை நாம் அறிந்து வைப்போம்.

ஏட்டு, ரைட்டர்: ஏட்டு என்பவர் தலைமைக் காவலர். நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்ப்பவர் ரைட்டர். புகார் என்ன ஆனது என்று இவரிடம்தான் பெரும்பாலும் கேட்க வேண்டியிருக்கும்.

சி.எஸ்.ஆர்.: நாம் கொடுத்த மனுவுக்கான ரசீது. இது வழக்குப்பதிவு ஆகாது. வழக்குப்பதிவு என்பது எஃப்.ஐ.ஆர். புகார்தாரருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்துள்ளது.

"சும்மா விசாரணைக்குத்தான்": அதிகம் கவனிக்க வேண்டிய சொல் இதுதான். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 'விசாரணை' என்ற பெயரில் உட்கார வைத்துவிட்டால் இந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதே மங்கிவிடும். எனவே, "கைதா, நோட்டீஸா?" என்று பணிவாகக் கேளுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களைச் சாட்சியாக விசாரிப்பதென்றால் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

41ஏ: கைது செய்யாமல், ஆஜராகச் சொல்லித் தரும் நோட்டீஸ். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் இது பிரிவு 35(3). பெற்றுக்கொண்டு ஆஜராவதே நல்லது.

ஸ்டேஷன் பெயில், ரிமாண்ட்: ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் காவல் நிலையத்திலேயே விடுவிப்பது முதலாவது. மாஜிஸ்திரேட் உத்தரவின்பேரில் காவலில் வைப்பது இரண்டாவது.

குண்டாஸ்: 1982ஆம் ஆண்டின் தமிழகத் தடுப்புக் காவல் சட்டம். 12 மாதங்கள் வரை அடைத்து வைக்கலாம். இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

மாவுக்கட்டு: கைதானவர் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்லி, கையிலோ காலிலோ கட்டுடன் காட்டப்படுவதற்கான கேலிப் பெயர். மீம் போட்டுச் சிரிக்கிறோம். அடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பது அந்தச் சிரிப்பில் மறந்துபோகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிருடன் வீடு திரும்பவில்லை.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். இந்த எண்ணை இன்றே வீட்டார் அனைவரின் போனிலும் பதிந்து வைப்போம்.