செப்பேடும் அதன் நிழற்படமும்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905ஆம் ஆண்டு 31 இதழ்கள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி ஒன்று வெளிப்பட்டது. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு முதலாம் இராசேந்திர சோழன் வழங்கிய ஆவணம் அது. முற்பகுதி வடமொழி, பிற்பகுதி தமிழ். இந்தியத் தொல்லியல் துறை 1920இல் இதனைப் பதிப்பித்தது.

நம் சமுதாயத்திற்கு இன்னும் நெருக்கமானது கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் அளித்தார். அதன் சாட்சிகள் கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். தேவாலயத்தின் பத்திரத்திற்கு முஸ்லிம் வணிகர் சாட்சி நின்ற காலம் அது!

இவ்வாவணங்களின் வாசகத்திற்கு இன்று பதிப்புரிமை கிடையாது. அவற்றின் நிழற்படத்திற்கு உண்டா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, வெளியான நிழற்படத்திற்குப் பாதுகாப்பு 60 ஆண்டுகளாக இருந்தது. ஆகவே 1920ஆம் ஆண்டுப் பதிப்பின் படங்கள் எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டன. புதிய படமென்றால், அது சுயமான ஆக்கமாக இருத்தல் வேண்டும். சிறிதளவேனும் படைப்புத்திறன் தேவை என உச்ச நீதிமன்றம் 2007இல் ஒரு சட்ட இதழ் தொடர்பான வழக்கில் கூறியது. தட்டையான ஓர் ஏட்டை உள்ளவாறே நகலெடுப்பதில் அத்தகைய திறன் எங்கே என்பது என் ஐயம். பொதுவுடைமையான ஓவியங்களின் நேர்நகல் படங்களுக்கு உரிமையில்லை என நியூயார்க் நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அருங்காட்சியகம் படமெடுக்கத் தடை விதிக்கலாம். ஆயின் அது பொருளை வைத்திருப்பவர் விதிக்கும் நிபந்தனையே, பதிப்புரிமையன்று.

பழவேற்காடு முதல் கும்மிடிப்பூண்டி வரை தொழிற்சாலைகளால் நிலத்தின் விலை ஏறிய ஊர்களில், பள்ளிவாசல் பேழையிலுள்ள வக்ஃபுப் பத்திரங்கள் வெறும் நினைவுப்பொருள்கள் அல்ல. அவற்றைப் படமெடுக்க ஆர்வலர் வந்தால் ஜமாஅத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூலி கொடுத்து எடுப்பித்த படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையேல், எடுப்பித்தவருக்கே. இலவசமாக எடுத்துத் தந்தால், அப்படத்தில் உரிமை ஏதும் இருப்பின் அது எடுத்தவருக்கே. பதிப்புரிமையை மீறலாகாது என ஜித்தாவிலுள்ள பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமியும் 1988இல் தீர்மானித்துள்ளது. எனவே படங்கள் யாருக்கு, எங்கே வெளியிடலாம், மூலத்தாள் எப்போது பேழைக்குத் திரும்பும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இருவர் சாட்சிக் கையொப்பம் இட்ட பின்னரே பேழையைத் திறக்கலாம்.