பாடவேறுபாடும் நிரல்வேறுபாடும்: கிட் கருவியின் சீராய்வு மரபு குறித்து

புனே நகரின் வடகிழக்கே, லோஹகாவ் விமான நிலையத்தை ஒட்டி வளர்ந்த பகுதி விமான் நகர். இன்று அங்கு மென்பொருள் அலுவலகங்கள் மிகுந்துள்ளன. அவற்றில் பணிபுரியும் நிரலாளரின் நாளில் கணிசமான நேரம் பிறர் எழுதிய மாற்றங்களைப் படிப்பதில் கழிகிறது. நீக்கப்பட்ட வரி சிவப்பிலும் சேர்க்கப்பட்ட வரி பச்சையிலும் திரையில் விரியும். படிப்பவர் ஒப்புதல் தருவார், அல்லது திருத்தம் கேட்பார். வேலைநெருக்கடி மிகும்போது ‘எல்ஜிடிஎம்’ என்னும் நான்கெழுத்துச் சுருக்கமே முழுச் சீராய்வாக அமைந்துவிடுவதும் உண்டு. ‘எனக்கு நன்றாகத் தோன்றுகிறது’ என்பது அதன் பொருள். ஏன் நன்று என்பதைச் சொல்ல அதில் இடமில்லை.

இம்மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி பெரும்பாலும் கிட். கட்டளைவரியில் இயங்கும் அப்பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரு நிரலே. அதுவும் நாள்தோறும் மாறுகிறது. பிறர் மாற்றங்களைக் காக்கும் கருவியின் மாற்றங்களை எவர், எவ்வாறு சீராய்கின்றனர் என்னும் வினா கணினியியலுக்கு மட்டும் உரியதன்று. மூலபாட ஆய்வில் ஈடுபடுவோருக்கும் அது நெருக்கமான வினா. அதே புனேயின் மேற்குப் பகுதியில், பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில், 1919 முதல் 1966 வரை மகாபாரதச் செம்பதிப்பு உருவானது. அங்கு எழுந்த வினாவும் இதுவே: ஒரு பனுவலில் மாற்றம் ஒன்றைக் கண்டால் அதை ஏற்பதற்கும் விலக்குவதற்கும் காரணம் என்ன? அக்காரணம் பின்வருவோருக்கு எங்ஙனம் தெரியும்?

முதலில் கருவியின் வரலாறு. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ் என்னும் அமைப்பு, மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே சேமித்தது. மாற்றம் எது, செய்தவர் யார், எப்போது என்பவற்றோடு, ஏன் செய்யப்பட்டது என்பதையும் பதிந்துவைக்க அது வழிசெய்தது. இத்துறையின் தொடக்கத்திலேயே ‘ஏன்’ என்னும் வினா இடம்பெற்றுவிட்டது என்பது கருதத்தக்கது. 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்புடன் டக்ளஸ் மெக்கில்ராயின் ‘டிஃப்’ நிரல் வந்தது. இரு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் வரிசைப்படுத்தித் தருவது அதன் பணி. 1985இல் லாரி வால் எழுதிய ‘பேட்ச்’, அவ்வேறுபாட்டுப் பட்டியலைக்கொண்டு பழைய கோப்பைப் புதியதாக்கியது. முழுக் கோப்பையும் அனுப்பாமல், வேறுபாட்டை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி, மறுமுனையில் ஒட்டிக்கொள்வது எளிதாயிற்று.

இதற்கிடையே, 1976இல் ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் நிரல் ஆய்வுக்கு ஒரு முறையை வகுத்து வெளியிட்டிருந்தார். நெறியாளர், வடிவமைப்பாளர், நிரலாளர், சோதனையாளர் என வரையறுத்த பொறுப்புகளுடன் சிலர் ஓர் அறையில் கூடி, நிரலை வரிவரியாகப் படித்துப் பிழைகளைப் பட்டியலிடுவர். பிழைகள் பதிவாகும், அறையில் நடந்த வாதமோ பேச்சாகவே கரைந்துபோகும். லினக்ஸ் கருநிரலை எழுதியோர் உலகெங்கும் சிதறியிருந்தமையால் அவர்களுக்கு அறை என ஒன்று வாய்க்கவில்லை. 1991 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் அவர்கள் மாற்றங்களை மின்னஞ்சலிலேயே அனுப்பினர். வாதங்களையும் அங்கேயே எழுதினர். வசதிக் குறைவால் நேர்ந்த அப்பழக்கம் வாதத்தையும் எழுத்தாக்கியது.

2002இல் லினக்ஸ் பணி பிட்கீப்பர் என்னும் தனியுரிமை மென்பொருளுக்கு மாறியது. 2005இல் அதன் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7ஆம் நாள் அதன் மூலநிரலை அதற்குள்ளேயே சேமித்தார். ஜூலை இறுதியில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். டிசம்பர் 21 அன்று 1.0 பதிப்பு வெளிவந்தது.

கிட் கருவிக்கு மாற்றம் ஒன்றை முன்மொழிவோர் இன்றும் அதை மின்னஞ்சலாக அனுப்புகின்றனர். சீராய்வோர் அம்மடலின் வரிகளுக்கு நடுவே தம் வினாக்களை எழுதுவர். முன்மொழிந்தவர் திருத்தி இரண்டாம் வடிவத்தையும், தேவையெனில் மூன்றாம் நான்காம் வடிவங்களையும் அனுப்புவார். முந்தைய வடிவத்துக்கும் இப்போதைய வடிவத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்ட ‘ரேஞ்ச்-டிஃப்’ என்னும் தனிக்கட்டளை 2018இல் 2.19 பதிப்பில் சேர்ந்தது. மாற்றத்தின் மாற்றத்தைப் படிக்கும் கருவி அது. ஏற்கத்தக்கதெனக் கருதப்படும் மாற்றமும் உடனே முதன்மைக் கிளைக்குச் செல்வதில்லை. ‘நெக்ஸ்ட்’ எனப்படும் கிளையில் சில நாள் இருந்து, பிறர் பயன்பாட்டில் குறை தென்படாத பின்னரே ‘மாஸ்டர்’ கிளையை அடைகிறது.

மொழியியலாளர் கருதவேண்டிய விதி ஒன்றும் இங்கு உண்டு. ஒவ்வொரு மாற்றத்துடனும் குறிப்பு ஒன்று எழுதப்படவேண்டும். அக்குறிப்பில் தற்போதுள்ள சிக்கலை நிகழ்காலத்திலும், செய்யவேண்டிய மாற்றத்தை ஏவல் வடிவிலும் எழுதவேண்டும் என்பது கிட் திட்டத்தின் எழுதப்பட்ட வழிகாட்டுதல். ‘நான் இதை மாற்றினேன்’ என்று எழுதலாகாது. நிரலுக்கு ஆணையிடுவதுபோல ‘இதை இவ்வாறு செய்’ என்று எழுதவேண்டும். தன்மை ஒருமை வாக்கியத்திலிருந்து விலகுகிறது. எழுதியவரின் அனுபவம் நீங்கி, சிக்கலும் தீர்வும் மட்டும் எஞ்சுகின்றன. எழுதியவர் மறைவதும் இல்லை. குறிப்பின் அடியில் அவருடைய கையொப்ப வரி நிற்கும். லினக்ஸில் 2004இல் தொடங்கிய வழக்கம் அது. அந்நிரலின் உரிமை குறித்து எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்கின் சூழலில், ஒவ்வொரு வரியும் எவர் வழியாக வந்தது என்பதற்குச் சான்று தேவைப்பட்டது. கையொப்பத்தோடு, உதவியவர், பிழையைத் தெரிவித்தவர், சீராய்ந்தவர் என்போர் பெயர்களும் தனித்தனி வரிகளில் இடம்பெறும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு? கட்டளைவரிக் கருவியின் வெளியீட்டை மனிதர் மட்டும் படிப்பதில்லை. பிற நிரல்களும் படிக்கின்றன. ஒரு சொல் மாறினால் எங்கோ ஒரு தானியங்கி வேலை நின்றுபோகும். 2008 ஆகஸ்டில் 1.6.0 பதிப்பு வந்தபோது, அதுவரை இடைக்கோட்டுடன் தனித்தனி நிரல்களாக வழங்கிய நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் பயனரின் வழக்கமான தேடல்பாதையிலிருந்து அகற்றப்பட்டன. ‘கிட்-கமிட்’ என ஒரே சொல்லாகத் தட்டச்சிட்டவர்கள் இனி இடைவெளிவிட்டு ‘கிட் கமிட்’ என எழுதவேண்டியதாயிற்று. முன்னறிவிப்பு இருந்தது, ஆயினும் பலரின் நிரல்கள் முறிந்தன, கண்டனம் பெருகியது. சீராய்ந்தவர்கள் நிரலைப் படித்திருந்தனர். அதைப் பயன்படுத்துவோரின் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதைப் போதிய அளவு கணிக்கவில்லை.

பின்வந்த மாற்றமொன்றில் நிதானம் கூடியிருப்பதைக் காணலாம். கிளைப்பெயர் எதையும் குறிப்பிடாமல் ‘கிட் புஷ்’ கட்டளையை இட்டால், பெயர் ஒத்த கிளைகள் அனைத்தும் அனுப்பப்படும் என்பதே பழைய இயல்பு. நடப்புக் கிளையை மட்டும் அனுப்பும் புதிய இயல்பு 2012இல் விருப்பத்தேர்வாக வந்தது. அதன்பின் பயனரை எச்சரிக்கும் செய்திகள் வந்தன. 2014 மே மாதம் வெளியான 2.0 பதிப்பில்தான் அது இயல்பு நிலையாயிற்று. ஒரு சிறு மாற்றத்துக்கு ஏறத்தாழ இரண்டாண்டு!

இன்னும் நீண்ட காத்திருப்பு ஒன்று இந்தியாவுடன் தொடர்புடையது. பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்பதை வரலாற்றை இரண்டிரண்டாகப் பகுத்துத் தேடிக் கண்டறியும் கட்டளை ‘கிட் பைசெக்ட்’. முதலில் ஷெல் மொழியில் எழுதப்பட்ட அதனைச் சி மொழிக்குப் படிப்படியாகக் கொணரும் பணியை, 2016இல் கூகுள் கோடைத் திட்டத்தின் கீழ் இந்திய மாணவர் ஒருவர் மேற்கொண்டார். கோடை முடிந்தது, பணி முடியவில்லை. சில பகுதிகள் ஏற்கப்பட்டன, எஞ்சியவை சீராய்வில் நின்றன. பின்னர் வேறு பயிற்சித் திட்டத்தின் வழி வந்த இரு பெண்கள் அடுத்தடுத்து அதை எடுத்துத் தொடர்ந்தனர். அவர்களுள் ஒருவர் இந்தியர். இறுதியில் அனுபவமிக்க பங்களிப்பாளர்கள் எஞ்சியதை முடிக்க, 2023 மார்ச்சில் வெளியான 2.40 பதிப்பில் அக்கட்டளை முழுமையாகச் சி மொழிக்கு வந்துசேர்ந்தது. இடையில் ஏற்கப்பட்ட மாற்றங்கள் சிலவற்றைப் பார்த்தால், ஆசிரியராக முதல் மாணவரின் பெயரே இருக்கும். அடியில் மூவரின் கையொப்பமும் வரிசையாக நிற்கும். ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதியவரும் பெயர்த்தெழுதியவரும் தம் பெயரைக் குறித்துவைத்த வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. முதலாமவர் ஏன் அவ்வாறு எழுதினார், எவ்வினாவுக்கு என்ன விடை தந்தார் என்பவை எழுத்தில் இருந்தமையால், ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அதை வெறுங்கையோடு தொடங்கவேண்டியிருக்கவில்லை.

இனிப் பண்டார்கர் நிறுவனத்துக்கு வருவோம். 1925இல் வி. எஸ். சுக்தங்கர் பொதுப்பதிப்பாசிரியர் பொறுப்பேற்றார். கேம்பிரிட்ஜில் கணிதமும் பெர்லினில் மொழிநூலும் பயின்றவர் அவர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து பல எழுத்துமுறைகளில் அமைந்த சுவடிகள் ஒப்பிடப்பட்டன. கிரந்தம், தெலுங்கு, மலையாளம் ஆகிய எழுத்துகளில் அமைந்த தென்னாட்டுச் சுவடிகளின் பொருட்டுத் தஞ்சாவூரிலும் ஒப்பீட்டுப் பணி நடந்தது. ஒப்பீட்டுத் தாளில் செய்யுளை மேலே எழுதி, ஒவ்வொரு சுவடியும் எவ்விடத்தில் வேறுபடுகிறது என்பதை அதன்கீழ்க் குறிப்பர். வேறுபாட்டை மட்டும் பதிவுசெய்யும் இம்முறை, ஐம்பதாண்டு பிந்திய டிஃப் நிரலின் பணியையே கையால் செய்தது எனலாம்.

1933இல் ஆதிபருவம் நிறைவுற்றபோது அதன் பக்கங்களில் இரு மரபுகள் தெளிவாயின. ஒன்று, மூலத்தில் சேராத செய்யுள்களும் தூக்கியெறியப்படவில்லை. அடிக்குறிப்பிலோ பிற்சேர்க்கையிலோ சுவடிக் குறியீட்டுடன் அவை இடம்பெற்றன. மற்றொன்று, பதிப்பாசிரியர் ஏற்ற பாடமே ஆயினும் உறுதி குன்றிய இடங்களில் எழுத்தின்கீழ் அலைக்கோடு இடப்பட்டது. ‘ஏற்கிறேன், ஆயினும் உறுதியில்லை’ என்பதைப் பக்கத்திலேயே சொல்லும் நேர்மை அது. நான்கெழுத்து ஒப்புதலால் சொல்ல இயலாததை ஓர் அலைக்கோடு சொல்லிவிடுகிறது.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. மூலபாட ஆய்வாளர் பின்னோக்கிச் செல்பவர்; பல வடிவங்களிலிருந்து பழைமையான ஒன்றை நாடுபவர். நிரல் சீராய்பவர் முன்னோக்கிச் செல்பவர். இதுவரை இல்லாத வடிவம் தகுமா என ஆராய்பவர். இதைவிடப் பெரிய வேறுபாடு இன்னொன்று. ஏட்டைப் பெயர்த்தெழுதியவரிடம் ‘இச்சொல்லை ஏன் மாற்றினீர்?’ என்று சுக்தங்கரால் கேட்க இயலவில்லை. உ. வே. சாமிநாதையருக்கும் அது இயலவில்லை. அவ்விடையை ஊகித்தறிவதிலேயே அவர்தம் உழைப்பின் பெரும்பகுதி சென்றது. நிரல் சீராய்பவருக்கோ மாற்றம் செய்தவர் எதிரில் இருக்கிறார்; இன்றே கேட்டுவிடலாம். விடை வந்ததும் அதோடு நிறுத்திவிடாமல், அதை மாற்றக் குறிப்பிலேயே எழுதுமாறு கோருவது கிட் சீராய்வோரின் வழக்கம். இன்று கேட்டவருக்குக் கிடைத்த விடை, கேட்க வாய்ப்பில்லாத நாளைய வாசகருக்கும் கிடைக்கவேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

ஆகவே சீராய்வு என்பது பிழைகளைத் தடுக்கும் காவல் மட்டுமன்று. மாற்றத்தின் காரணத்தை, அதை அறிந்தவர் அருகில் இருக்கும்போதே எழுத்தாக்கிவிடும் செயலும் ஆகும். 1.6.0 காட்டுவதுபோல, கவனமான சீராய்வையும் தவறு கடந்துவிடக்கூடும். காரணம் பதிவாகியிருந்தால் அத்தவற்றைப் புரிந்துகொண்டு திருத்தலாம். இயந்திரமே நிரல் எழுதித் தரும் இக்காலத்தில், ‘ஏன்’ என்று கேட்கப்பட்டால் விடைசொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதே ஐயமாகி வருகிறது. அச்சூழலில் நான்கெழுத்து ஒப்புதலின் விலை முன்னிலும் கூடுதல்.

தமிழாய்வுத் துறையினர்க்கும் இதில் செய்தி உண்டு. சொற்றொகுதிகளையும் மின்பதிப்புகளையும் இன்று பலர் கூடித் திருத்துகின்றனர். ஓர் எழுத்துப்பிழையைச் சரிசெய்கிறோம் என எண்ணி, ஒரு பழம்பாடத்தையோ வட்டாரவழக்கையோ அழித்துவிட வாய்ப்பு மிகுதி. திருத்தியவர் யார், எச்சான்றைக்கொண்டு திருத்தினார், விலக்கிய பாடம் எது என்னும் மூன்றும் திருத்தத்துடனேயே நிற்குமானால், பின்வருபவர் அதை மீட்கவும் மறுக்கவும் இயலும். இல்லையெனில், வருங்காலப் பதிப்பாசிரியர் ஒருவர் நம் கோப்புகளின் முன் அமர்ந்து, சுக்தங்கர் சுவடிகளின் முன் அமர்ந்து ஊகித்ததுபோல் ஊகிக்கவேண்டியிருக்கும். அவரேனும் ஏடெழுதியவர்களைக் குறைகூற முடியாது. அவர்களிடம் இக்கருவிகள் இல்லை. நம்மிடம் இருக்கின்றன.