உப்புக் குவியலின் அந்தி நிறம்

உப்பு வெள்ளை என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இராது. தூத்துக்குடி உப்பளங்களில் குவித்து வைத்திருக்கும் உப்பை மத்தியானத்தில் பார்த்தாலும் வெள்ளை. சூரியன் மலையேறும் வேளையில் பார்த்தாலும் வெள்ளைதான். ஆனால் அந்தச் சாயங்கால வேளையில் ஒரு கலர்ப் படம் எடுத்துப் பாருங்கள். வெயில் படும் பக்கம் மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் இருக்கும். நிழல் பக்கம் நீலம் பாரித்துக் கிடக்கும். பொய் சொல்வது காமிராவா, கண்ணா?

கண்தான். வெளிச்சத்தின் நிறம் மாற மாற, நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அந்த மாற்றத்தைக் கழித்துவிட்டு, உப்பை உப்பாகவே காட்டுகின்றன. 1789-ஆம் வருஷத்தில், பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை காஸ்பார் மோஞ்ச், பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தாருக்கு இதை ஒரு வேடிக்கையாகவே காட்டினார். சிவப்புக் கண்ணாடி வழியே சிவப்புக் காகிதத்தைப் பார்க்கச் சொன்னார். இன்னும் சிவப்பாகத் தெரியும் என்று நினைத்தவர்களுக்கு அது ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிந்தது!

விஞ்ஞானிகளுக்கு வேடிக்கையாக இருந்த இந்தச் சமாசாரம், முத்து வியாபாரிக்குக் கைமுதலைத் தொடுகிற விஷயம். 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துபோன தூத்துக்குடி முத்துக்குளிப்பில், மூடிய சிப்பிகளை ஆயிரம் இத்தனை ரூபாய் என்று ஏலத்தில் எடுப்பார்கள். உள்ளே இருப்பது அதிர்ஷ்டம். முத்து வெளியே வந்த பிறகுதான் மதிப்பீடு தொடங்கும். அளவுக்குப் பித்தளைச் சல்லடை உண்டு. எடைக்கு மஞ்சாடி உண்டு. நிறத்துக்கோ கண்ணைத் தவிர வேறு கருவி கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் நீலம் குறைவு. ஆகவே பழுப்பேறிய முத்துக்கும் பால் போன்ற முத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் மங்கிப் போகும். இரவில் வெள்ளை என்று வாங்கியது விடிந்ததும் மஞ்சளாகி நிற்கும். பகலில், நேர் வெயில் விழாத வடக்கு ஜன்னலோரம் வைத்து நிறம் பார்ப்பது ரத்தின வியாபாரிகளின் வழக்கமானதற்குக் காரணம் இதுதான்.

காமிராவுக்கு இந்த விவேகம் வர வெகுகாலம் பிடித்தது. ஆதியில் அதன் கண்ணாடித் தகடுகளுக்கு நீலம் ஒன்றுதான் நன்றாகத் தெரியும். சிவப்பு குருட்டு நிறம். சிவந்த அந்தி வெளிச்சத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. 1873-இல் ஹெர்மன் வோகல் என்ற ஜெர்மானியர், தகட்டில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் அதில் பதியும் என்று கண்டுபிடித்தார். 1907-இல் லூமியேர் சகோதரர்கள், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைப் பரப்பிய கலர்த் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதிலும் நீலத்தின் அதிகாரத்தை அடக்க, லென்ஸில் மஞ்சள் கலந்த ஆரஞ்சுக் கண்ணாடி ஒன்றை மாட்ட வேண்டியிருந்தது. பின்னால் வெயிலுக்கு ஒரு பிலிம், மின்விளக்குக்கு ஒரு பிலிம் என்று தனித்தனியாக வந்தன. மாற்றிப் போட்டால் முகங்கள் நீலமாகும், அல்லது காமாலை பிடிக்கும்.

இப்போது கைப்பேசிகூட அந்தத் திருத்தத்தைத் தானே செய்துவிடுகிறது. 'ஒயிட் பாலன்ஸ்' என்பது வேறொன்றுமில்லை: படத்தில் எது வெள்ளை என்று ஊகித்து, மற்ற நிறங்களை அதற்கு ஏற்றபடி நகர்த்தும் கணக்கு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிக்கிறார்கள். மெழுகுவர்த்தி சுமார் 1,900. நடுப்பகல் வெயில் சுமார் 5,500. எண் ஏற ஏற நீலம் கூடும்.

கணக்கு சுலபம், சிக்கல் தூத்துக்குடியில் இருக்கிறது. இங்கே சூரியன் கடலில் மறைவதில்லை, நிலத்தின் பக்கம் மறைகிறது. உப்புக் குவியலின் மேற்குச் சரிவில் விழுவது மஞ்சள் வெயில். கிழக்குச் சரிவிலும் கடலிலும் விழுவது வானத்தின் நீல ஒளி. ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம்! மேற்குச் சரிவை வெள்ளையாக்கினால் கடலும் நிழலும் மை கொட்டியது போல் நீலமாகும். நிழலை வெள்ளையாக்கினால் வெயில் தீப்பிடித்து எரியும். ஒரே திருத்தத்தால் இரண்டையும் திருப்திப்படுத்த யாராலும் முடியாது.

ஆகவே, எதற்காகத் திருத்துகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முத்தைப் படம் எடுத்து விற்கிறவர், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, வெளிச்சத்தின் சாயம் துளியும் இல்லாதபடி கழுவிவிட வேண்டும். வாங்குகிறவர் காசு கொடுப்பது முத்துக்கு. அன்றைய வெயிலுக்கு அல்ல. மாலை நேரத்தைப் படம் பிடிக்கிறவர் அப்படிச் செய்தால், சூரியாஸ்தமனத்தை நடுப்பகலாக்கிய பாவம் வந்து சேரும். அவர் காமிராவின் ஊகத்தை நிறுத்திவிட்டு, பகல் வெளிச்சத்துக்குரிய அளவிலேயே வைத்து எடுக்கட்டும். மஞ்சள் மிஞ்சினால் பாதி குறைத்தால் போதும். உப்பு கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும். இருந்தால் என்ன? பார்க்கிறவர்கள் அதை வெள்ளை என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்தி வேளை என்பதையும் தெரிந்துகொள்வார்கள்.