கால் வளையம் சொன்ன சேதி



ஐப்பசி பிறந்தா நம்ம ஏரிகளிலே வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன. எங்கிருந்து வருகின்றன, எந்த வழியாக? ஐரோப்பாவிலும் இதே கேள்விதான். தகைவிலான் குருவி குளிர்காலத்தில் குளத்துச் சேற்றுக்குள் தூங்குகிறது என்று அங்கே படித்தவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1822-இல் ஜெர்மனியில் சுடப்பட்ட ஒரு செங்கால் நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு செருகியிருந்தது. அத்தனை தூரம் அம்போடேயே பறந்து வந்திருக்கிறது!

1899-இல் டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன், நம்ம சோளக்குருவிக்குச் சொந்தக்காரப் பறவை ஒன்றின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டினார். மாட்டுக்குக் காதிலே எண் வில்லை போடுகிற மாதிரிதான்.

1901-இல் பால்டிக் கடலோரத்தில், அன்று ஜெர்மனியாக இருந்த ரோசிட்டன் கிராமத்தில், தீனமன் என்பவர் பறவை ஆய்வு நிலையம் தொடங்கினார். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல், நடுவே சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு வரப்பு போல ஒடுங்கிய மணல்திட்டு. தண்ணீர் மேலே பறக்கத் தயங்கும் பறவைகள் இலையுதிர் காலத்தில் இந்தத் திட்டோடேயே தெற்கே போகும். கணக்கெடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

அந்த ஊர் மீனவர்கள் ஏழைகள். வலை விரித்து, பக்கத்திலே ஒரு பழக்கக் காக்கையைக் கட்டி வைத்து, வருகிற சாம்பல் காக்கைகளைப் பிடிப்பார்கள். தலையைப் பல்லால் கடித்தே கொன்று, குளிர்காலத்துக்காகப் பீப்பாயில் உப்புப் போட்டு வைப்பார்கள். முகம் சுளிக்காதீங்க, பசி அப்படி. தீனமன் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. உயிர்க் காக்கைகளை அவர்களிடமிருந்தே வாங்கி, 1903 முதல் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். கெட்டிக்கார மனுஷன்தான்.

எதிர்ப்பும் வந்தது. வளையத்துக்கு ஆசைப்பட்டு ஜனங்கள் பறவைகளைச் சுடுவார்கள் என்றார்கள். நியாயமான பயம்தான். ஆனால் தானாகக் கையில் கிடைத்த வளையங்களே நிறைய சேதி கொண்டுவந்தன. அந்தப் பக்கத்து நாரைகள் மத்தியதரைக் கடலைக் கிழக்கே சுற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்கா வரை போவது அப்படித்தான் நிரூபணமாயிற்று.

இரண்டாம் உலகப் போரோடு நிலையம் மூடப்பட்டது. ஊர் ரஷ்யா வசம் போய் ரிபாச்சி என்று பெயர் மாறியது. 1956-இல் சோவியத் விஞ்ஞானிகள் அங்கேயே மறுபடி நிலையம் அமைத்து, புனல் மாதிரியான பெரிய வலைகளில் பறவை பிடித்து வளையமிட்டார்கள்.

நம்ம கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வளையமிட்டிருக்கிறார்கள். வயலிலே வளையத்தோடு செத்த பறவை கிடந்தால் வெறுங்கையால் தொடாதீங்க. வளையத்தின் எண், இடம், தேதி மூன்றையும் குறித்து மும்பையில் உள்ள அந்தக் கழகத்துக்கு எழுதிப் போடுங்க.