பிழையைப் பிசகாமல் காட்டிய கருவி

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் இடதுபுறம் மகேந்திரகிரி தெரியும். அந்த மலையடிவாரத்து இஸ்ரோ வளாகத்தில், விண்வெளியின் வெற்றிடத்தைத் தரையிலேயே உண்டாக்கி ராக்கெட் இயந்திரத்தைப் பற்றவைத்துப் பார்க்கிறார்கள். ககன்யானுக்கான சிஇ-20 இயந்திரத்தின் வெற்றிடப் பற்றவைப்புச் சோதனைகள் 2024 பிப்ரவரியில் அங்கேதான் நிறைவடைந்தன. நம் மாவட்டத்துச் சிவனும் நாராயணனும் இஸ்ரோ தலைவர்களானதைப் பெருமையோடு பேசுகிறோம். மேலே போய்த் திருத்த முடியாததைக் கீழேயே பார்த்துவிடும் அந்தப் பழக்கமும் அதே அளவு பேசத் தகுந்தது.

விண்வெளித் தொலைநோக்கிகளின் கருவிகளுக்கு இந்த வேலையைச் செய்பவை ஒளியியல் சிமுலேட்டர்கள். விளக்கு ஒன்றின் ஒளியை ஊசிமுனைப் புள்ளியாக்கி, லென்சுகள், கண்ணாடிகள் வழியே அனுப்பி, தொலைநோக்கி தரும் அதே கோணத்தில் கருவிக்குள் விழச் செய்வார்கள். கருவிக்கு அது நட்சத்திரம். அப்படிப்பட்ட ஒன்று பிறந்த கதை இது.

1990 ஏப்ரல் 24 அன்று ஹபிள் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. இரண்டே மாதத்தில் படங்கள் மங்கலாக இருப்பது தெரிந்தது. 2.4 மீட்டர் அகல முதன்மைக் கண்ணாடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்ரான் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடிப் பருமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான்.

கண்ணாடியைத் தேய்த்தவர்கள் கைத்திறனில் குறையில்லை. குறை அளவில் இருந்தது. நெல் அளக்கும் மரக்காலே பிசகியிருந்தால், எத்தனை கவனமாக அளந்தாலும் களம் முழுவதும் கணக்குத் தப்பும். கண்ணாடியின் வடிவத்தைச் சோதித்த கருவியில் லென்ஸ் ஒன்று 1.3 மில்லிமீட்டர் விலகி அமைந்துவிட்டது. வேறு இரண்டு சோதனைகள் பிழையைக் காட்டவே செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. முழுத் தொலைநோக்கியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் சோதனை நடக்கவே இல்லை.

நல்லவேளை, பிசகிய அந்த மரக்கால் கலைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதை அளந்தும், வானிலிருந்து வந்த மங்கல் படங்களை ஆராய்ந்தும் பிழையின் அளவைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள். அதைச் சரிக்கட்ட, காசளவுக் கண்ணாடிகள் பத்தைக் கொண்ட காஸ்டார் என்ற கருவியைப் பால் ஏரோஸ்பேஸ் நிறுவனம் செய்தது.

ஆனால் ஹபிளோ வானில் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தக் கண்ணாடிகள் அதற்குப் பொருந்துமா என்று தரையில் எப்படிப் பார்ப்பது? அதற்காகவே ஒரு சிமுலேட்டர் செய்தார்கள். அதன் ஒரு பாதி, ஹபிளுக்குள் இருப்பதுபோலவே கருவியைத் தாங்கிப் பிடிக்கும் சட்டகம். மறுபாதி, ஹபிளின் கெட்ட ஒளியை அப்படியே உண்டாக்கும் லென்சுத் தொகுதி. பிழையில்லாத ஒளியைத் தர எத்தனையோ கருவிகள் உண்டு. இதுவோ குறிப்பிட்ட ஒரு பிழையை இம்மியும் கூட்டாமல் குறைக்காமல் தர வேண்டும். இந்தச் சிமுலேட்டரே தவறினால் பழைய கதை திரும்பும் அல்லவா? அதனால் தனிக்குழு ஒன்று வேறொரு கருவியைக் கொண்டு இதன் ஒளியையும் அளந்து சரிபார்த்தது. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் அதுதான்.

1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் காஸ்டாரையும், பிழைதிருத்தம் உள்ளேயே அமைந்த புதிய கேமராவையும் பொருத்தினார்கள். 1994 ஜனவரியில் தெளிவான படங்கள் வெளியாயின.

அந்தப் பாடம் அடுத்த தலைமுறைக்கும் போனது. 6.5 மீட்டர் கண்ணாடி கொண்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நான்கு கருவிகளையும், அது 2021இல் ஏவப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நாசாவின் காடார்ட் மையத்தில் கடுங்குளிர் வெற்றிட அறையில் ஒரு சிமுலேட்டரின் எதிரே வைத்துச் சோதித்தார்கள். அந்தத் தொலைநோக்கியைத் திருத்த யாரும் போக முடியாது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரம்.

அடுத்தமுறை மகேந்திரகிரி வழியே போகும்போது உடன்வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அளந்தது போதாது, அளந்த மரக்காலையும் இன்னொன்றால் அளந்து பார்க்க வேண்டும் என்பதை அந்த மலையைக் காட்டியே சொல்லிவிடலாம்.