ஏடும் படமும்

வள்ளலாரின் ஒளிப்படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. மாசிலாமணி முதலியார் எட்டு முறை முயன்றும் அவர் உருவம் பதியவில்லை என்பது அன்பர்களிடையே வழங்கும் செய்தி. ஆயினும் அவரது பாடல்கள் நம்மிடம் இருக்கின்றன. தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் அவற்றை அச்சேற்றினார்.

அதே ஆண்டில் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையில், ஒரு தைப்பூசத்தன்று, பந்தி பரிமாறிய முதியவர் ஒருவரை டிஜிட்டல் கேமராவில் படமெடுத்தோம். வீடு திரும்பிக் கணினிக்கு மாற்றினோம். படங்கள் பழுதின்றி வந்தன. ஆண்டு மட்டும் 2000 என்று காட்டியது. மின்கலம் தீர்ந்தபோது கேமராவின் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பியிருந்ததே காரணம்.

1975இல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. 1995இல் வந்த எக்ஸிஃப் தரம், எடுத்த நாளையும் நேரத்தையும் படத்துக்குள்ளேயே பொதிந்து வைத்தது. ஆயினும் அந்த நாள், கேமராவின் கடிகாரம் சொல்லும் நாளே.

ஏடு படியெடுத்த நம் முன்னோர் எழுத்துப்பிழை விட்டிருக்கலாம்; ஆனால் பலர் இறுதி ஏட்டில் ஆண்டையும், மாதத்தையும், தம் பெயரையும் எழுதிவைத்தனர். கணினி படியெடுக்கையில் ஒரு புள்ளியும் பிசகுவதில்லை. பெயரை மட்டும் நாம்தான் எழுத வேண்டும். அந்த முதியவரின் பெயரை அன்று நாங்கள் கேட்கவில்லை. மறு ஆண்டு சென்றபோது அவர் அங்கில்லை. முகம் இருக்கிறது, அவர் யாரென்று சொல்ல எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை.